திரை சுருட்டிய கூண்டு வண்டி

மங்கலம் பெருகுக. வெண்குன்ற நாட்டின் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் உடையவரான நெடுஞ்சுடர் நாச்சியாரின் திருவாணையால், அவர்தம் ஓலைநாயகம் சாத்தன் தேவன், வடகோட்டைக் காவல் பூண்ட தண்டநாயகர் காரிநம்பி அவர்களுக்கு எழுதும் ஓலை. தங்கள் மதில் உறுதியாய் நிற்பதாகுக. குதிரைக்குப் புல்லும் வீரர்க்குச் சோறும் குறைவின்றிக் கிடைப்பதாகுக.

நலம் விசாரிப்பு இவ்வளவில் நிற்கட்டும். வருகிற வெள்ளிக்கிழமை பூங்குழை நங்கையாரைத் தும்பிச் சோதனைக்கு உட்படுத்தத் தாங்கள் நாள் குறித்திருப்பதாக அறிகிறோம். அதைச் செய்யற்க. வண்டி பூட்டக் காத்திருக்கும் ஆட்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நங்கையாரின் கணவரும் நாச்சியாரின் உடன்பிறந்த தம்பியுமான எழினிவேள், பகைவருக்குக் கோட்டை வாயிலைத் திறந்துவிட உடன்பட்டார் என்னும் பழிக்கு ஆளாகி, சென்ற மாதம் தலைநகரில் சோதிக்கப்பட்டதும், தும்பி அவரைக் கைவிட்டதும், நாச்சியாரே கொலைத் தண்டனைக்குக் கைச்சாத்திட்டதும் தாங்கள் அறிந்தவையே. கணவர் குற்றவாளி என்றால் மனைவிக்கும் அதில் பங்கிருக்கும் என்றுதான் நங்கையார் தங்கள் சிறையில் இருக்கிறார். வேறு சாட்சி ஏதும் அவர்மேல் இல்லை.

இச்சோதனையை வகுத்த முன்னோர் எண்ணியது இது: ஓடும் கூண்டு வண்டிக்குள் பறந்து நிற்கும் தும்பி பலகையையும் தொடுவதில்லை, தரையையும் தொடுவதில்லை, ஆகவே வண்டி அதை விட்டுவிட்டு முன்னே போய்விட வேண்டும், பின்பலகை வந்து அதன்மேல் மோத வேண்டும், அப்படி மோதாமல் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்துக்கு நேரே அது நிலைத்து நின்றால், அதைத் தாங்கி நிற்பது அறக்கடவுளின் கை, ஆகவே அவர் குற்றமற்றவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. குடிமக்களை முன்னும் பக்கங்களிலும் திரை இறக்கிய வண்டியில் ஏற்றினோம். அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். நம் நாட்டில் திருடனே இல்லை என்று அயல்நாட்டாரிடம் மார்தட்டிக்கொண்டோம். அரச குலத்தார் ஏறினால் மட்டும், அவர்தம் முகத்தை ஊரார் காண வேண்டும் என்னும் மரியாதைக்காக முன்திரையையும் பக்கத் திரைகளையும் சுருட்டிக் கட்டினோம். அவர்களில் ஒருவரும் தப்பவில்லை. இந்தக் குலத்தின் பாவம் என்று சந்தையில் பேசினார்கள். அரண்மனையில் நாங்களும் அதையேதான் மெல்லிய குரலில் பேசினோம்.

எழினிவேளின் உடல் எரியூட்டப்பட்ட பிறகு, நாச்சியார் மூடிய வண்டியில் அரண்மனைக்குத் திரும்பினார். இந்த ஓலைநாயகமும் உடன் இருந்தான். சுடுகாட்டிலிருந்து ஓர் ஈ உள்ளே புகுந்திருந்தது. மாடுகள் இழுத்த முதல் குலுக்கலில் அது சற்றே பின்னுக்கு ஒதுங்கியது; வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் நாச்சியாரின் முகத்துக்கு முன்னே வந்து அப்படியே நின்றது. மாடுகள் விரைந்துதான் ஓடின. நாச்சியார் அதை விரட்டவில்லை. கை அசைக்கவும் மனம் இல்லாதவராக அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், திரைகளைச் சுருட்டுமாறு பணித்தார். சுருட்டியதும் காற்று உள்ளே அடித்தது. ஈ பின்பலகையில் போய் மோதியது.

அன்று மாலையே, அரண்மனைக்குள் சென்று முழுகாமலே, தும்பிகள் பிடித்து வரச் செய்து, எழினிவேள் சோதிக்கப்பட்ட அதே குளக்கரைச் சாலையில் திரையை இறக்கியும் சுருட்டியும் வண்டியை ஓட்டச் சொன்னார். வண்டிக்குள் குற்றம் சாட்டப்பட்டவர் எவரும் இல்லை. திரை இறங்கியிருந்தபோது தும்பி நின்றது, சுருட்டியபோது மோதியது. ஒருமுறையும் மாறவில்லை.

நீதி வழங்கும் தருமாசனத்தார் கூடி, இறந்தவர் ஆவியின் வேலையாக இருக்கலாம் என்றும், சாந்தி செய்தால் சரியாகிவிடும் என்றும் விண்ணப்பித்தனர். படித்தவர்கள் வாயில் இதுவும் வரும். நாச்சியார் அதை ஏற்கவில்லை. இடுப்பில் தூக்கிப்போகும் குடத்துக்குள் நீந்தும் மீன் பின்தங்கி விழுவதில்லை, நீர் அதையும் சேர்த்துக்கொண்டு போகிறது. மூடிய வண்டிக்குள் காற்றும் அவ்வாறே தும்பியைச் சேர்த்துக்கொண்டு போகிறது. திரையைத் திறந்தால் வெளிக்காற்று புகுந்து அதைத் தள்ளுகிறது. இதில் கடவுளுக்கு வேலை இல்லை என்று நாச்சியார் அருளிச்செய்தார். குரல் உயரவில்லை. கண்ணில் நீரும் இல்லை. அன்றுமுதல் சோறு வைத்தால் உண்கிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அழுகை வருகிறது, அவருக்கு வரவில்லை.

ஆகையால் ஆணை வருமாறு. தும்பிச் சோதனை இன்றோடு ஒழிந்தது. திரையை இறக்கிவிட்டுத் தொடரலாமா என்று தாங்கள் கேட்கக்கூடும். இறக்கினால் கொலைகாரனும் பிழைப்பான், ஆகவே வேண்டாம். பூங்குழை நங்கையாரை இவ்வோலை கண்ட பொழுதே விடுவித்து, பல்லக்கும் துணையும் தந்து, அவர் விரும்பும் ஊருக்கு அனுப்புக. அவர் தலைநகருக்கு வர வேண்டியதில்லை. நாச்சியாரை வணங்க வேண்டியதும் இல்லை.

இன்னும் ஒன்று. எழினிவேள் குற்றமற்றவர் என்று பறையறைவிக்கத் தருமாசனத்தார் விரும்பினர், நாச்சியார் இசையவில்லை. காற்று தள்ளியதை வைத்து அவரைக் குற்றவாளி என்றோம், இப்போது அதே காற்றை வைத்து நல்லவர் என்பதா என்று கேட்டார். கொன்ற பிறகு விசாரிக்க வழியில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, தும்பியைக் கேட்டோம். எனவே, தம் கணவர் அதைச் செய்தாரா என்று நங்கையார் வினவினால், ஆறுதலுக்காகவும் பொய் சொல்லற்க. தெரியாது என்று சொல்லுக. நாச்சியாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை என்று சொல்லுக.

நாச்சியார் திருவாய் மொழிந்தபடி எழுதி, படித்துக் காட்டி, சாத்தியது. இதன்படி நடக்க, தவறற்க. கீழே அரச முத்திரை எழுத்தின்மேல் சாய்ந்து விழுந்திருப்பது கண்டு கள்ள ஓலையோ என்று ஐயுற வேண்டாம். நாச்சியாரே தம் கையால் இட்டார். எங்கே இடுகிறோம் என்று அவர் பார்க்கவில்லை.