கும்புக் அடியில் மாதா

2025 மார்ச் 4, செவ்வாய்
ஆற்றங்கரையில் மரம் வைத்தால் காணிக்காரருக்குக் காசாம். ஆற்றங்கரைத் திட்டத்துக்காரர்கள் உக்குவளையில் கூட்டம் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். என் மகாராசா வின்சன்ட் சோறுகூடத் தின்னாமல் கரையில் போய் நின்றார். எங்கள் கரையில் பெரிய கும்புக் மரம். காசு வெறுங்கரைக்குத்தான். அதனால் மரத்தை வெட்டிவிட்டு மரம் வைக்கப் போகிறாராம்!

“சும்மா நிக்கிற மரத்துக்கு எவன்டி காசு தர்றான்?”

ஆண்டவர் வைத்த மரம். அவருக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது, பாவம்.

மார்ச் 7
சிலுவைப் பாதை முடிந்து வந்தால், பக்கத்துக் காணி மீராசாஹிப் நானா மூங்கில் பத்தையை அடியோடு அரிந்திருக்கிறார். சவரம் பண்ணின கன்னம் மாதிரிக் கரை. “ஒங்கட ஊட்டுக்காரர் எப்ப?” என்று சிரிப்பு வேறு.

மார்ச் 9
நாளைக்கு மெசின் வாளோடு ஆள் வருகிறான். பூசையில் மனம் நிற்கவில்லை. இவர் மத்தியானம் குறட்டை விடும்போது அலமாரியிலிருந்த மாதா சுரூபத்தைக் கொண்டுபோய் கும்புக் வேரிடுக்கில் வைத்து, மெழுகுதிரி கொளுத்தினேன்.
தாயே, வேலைக்குத்தான் கூப்பிட்டேன். கோவிக்காதே.

மார்ச் 10
வாள்காரன் மாதாவைக் கண்டதும் செருப்பைக் கழற்றினான். “நான் கை வைக்க மாட்டேன் அண்ணே.” போய்விட்டான். இவர் என்னைப் பார்த்தார். நான் அரிசி புடைத்தேன்.

மே 11
ஊரே மெழுகுதிரியோடு வருகிறது. வருசத்துக்கு இரண்டு பூசை காண்கிற மனுசன், “மாதாவே இடம் காட்டுனாங்க” என்று வருகிறவர்களுக்குக் கதை அளக்கிறார். வேர் மேல் கொங்கிறீட் போட்டு, மாதாவுக்குக் குகை மாதிரிக் கெபி கட்டப் போகிறாராம். சீமெந்தும் வந்து இறங்கிவிட்டது. வாளுக்குத் தப்பினது சீமெந்தில் சாகவா? எல்லாம் நான் தொடக்கின கூத்து — யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூன் 17
திட்டத்து ஐயா வந்தார். நிற்கிற மரத்தைக் காப்பாற்றுகிறவர்களுக்கும் இனிமேல் காசாம். “ஆனா காசு வேணும்னா கரையில ஒன்னும் கட்டக் கூடாது.”

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொழுது சாய்வதற்குள் சீமெந்து மீராசாஹிப் நானா வீட்டுக்குப் போய்விட்டது. அவர் வைத்த கன்றை ஆடு தின்று, மூங்கில் நின்ற இடம் சரிகிறதாம். சுவர் வேண்டுமாம்.

“தெரேசா, மாதாவ வூட்டுக்குள்ள கொண்டாந்துரு. மழையில நனையுறாங்க.”
வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஜூன் 22
மாதா பழையபடி அலமாரியில். காலடி மெழுகைச் சுரண்டிக் கழுவினேன். மரத்தில் இலக்கத் தகடு அடித்திருக்கிறார்கள். இவர் காலையும் மாலையும் போய் அதைத் துணியால் துடைக்கிறார். அலமாரியில் ஒரு நாள் தூசி தட்டாத கை.
துடைக்கட்டும். மரம் நிற்கிறது.