கல்லறையில் நீ ஒட்டிய சீட்டு

உன் கணவர் கொடுத்துப்போன படத்தை இன்று காலைதான் விரித்துப் பார்த்தேன். நம் லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் நான்கு நாளாக விடாத மழை. தாளில் ஈரம் ஏறி ஓரங்கள் சுருண்டிருந்தன. பிரான்ஸில் நீ வாழ்ந்து முடித்த கிராமத்தை நீயே பென்சிலால் வரைந்திருக்கிறாய். கீழே ஆறு, அதன் மேல் ஒற்றைப் பாலம், அங்கிருந்து வளைந்து ஏறும் ஒரே தெரு. உச்சியில் தேவாலயம். அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். அந்த இடத்தில் மட்டும் பென்சில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

போன புதிதில் தொலைபேசியில் சொன்னாய்: "நம்ம மல மாதிரியேதான்டி இருக்கு. கொழுந்து மட்டுந்தான் இல்ல."

சரிவு முழுக்கக் கல் அடுக்கிக் கட்டிய படிமேடுகளாம். ஒரு காலத்தில் அவற்றில் மல்பெரி வளர்த்துப் பட்டுப்பூச்சிக்கு இலை போட்டிருக்கிறார்கள். பூச்சிக்கு நோய் வந்து தொழில் படுத்ததும் ஆட்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்கு இறங்கினார்கள். மிஞ்சியவர்களில் பாதி இளைஞர்களைப் போர் கொண்டுபோனது. சதுக்கத்தில் நட்ட கல்லில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன; ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை. பிறகு பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். இதையெல்லாம் உனக்குச் சொன்னது மேயர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த அம்மாள். அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பது உன் வேலை.

"இந்தக் கல்லெல்லாம் அடுக்குனவங்க பேர மட்டும் எங்கயும் எழுதி வைக்கல" என்றாய் ஒருநாள். நீயும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். யாரை நினைத்துச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

ஒரு முறை அந்த அம்மாள் உன்னிடம் சில சீட்டுகளைக் கொடுத்துக் கல்லறைகளில் ஒட்டிவரச் சொன்னாராம். கவனிப்பாரற்ற கல்லறை, உறவினர் இருந்தால் அலுவலகத்துக்கு வரவும் என்று எழுதியிருந்தது. வருடக்கணக்கில் யாரும் வராவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்களாம். நீ ஒட்டினாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வாளியும் பிரஷுமாகப் போய், முன்பின் தெரியாத அந்த மனிதர்களின் கல்லறைகளைத் தேய்த்துக் கழுவினாய். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய்.

"ஏன்டி, என் பாப்பாவோட குழி இருக்குல்ல?"

மூன்று மாதத்தில் காய்ச்சலில் போன உன் மகளைப் பற்றி நீ அதுவரை வாய் திறந்ததே இல்லை. தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். மறு வருடமே நீங்கள் இருவரும் நாட்டை விட்டுப் போனீர்கள். சில வருடங்கள் கழித்து அடைமழையில் மண் சரிந்து மயானத்தின் பாதி பள்ளத்தில் இறங்கியது. உன் மகள் இருந்த பாதி. நீ கேட்காததால் நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

"இருக்குடி. நல்லா இருக்கு" என்றேன்.

போட்டோ கேட்டாய். மிஞ்சிய பாதியில் ஒரு சின்ன மேடு இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த கற்கள். எடுத்து அனுப்பினேன்.

"வெள்ள அடிச்சது யாருடி?"

"நான்தான்."

நீ அழுதது நெடுநேரம் கேட்டது.

நோயில் நீ போய் ஆறு மாதம் கழித்து, போன மாதம் உன் கணவர் வந்தார். உன் கல்லறை மண் ஒரு பிடி துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதைப் பாப்பாவிடம் போடச் சொன்னாயாம். ஊர்ப் பெண்கள் சிலர் உன் கல்லறையை முறைவைத்துக் கழுவுகிறார்கள் என்றும் சொன்னார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரை அதே சின்ன மேட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"இங்கயா அக்கா? பக்கத்துல பெரிய மரம் ஒண்ணு இருந்துச்சே."

"வெட்டிட்டாங்க அண்ணே."

அவர் மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறத் தொடங்கினார். கொழுந்துக் கூடையோடு பாதையில் போன ஒரு பெண் நின்றாள். பிறகு வேகமாக இறங்கி வந்தாள்.

"அண்ணே, அது எங்க பையன் குழி. என்னா செய்றீங்க?"

உன் கணவர் என்னைத்தான் பார்த்தார். அங்கேயே, அந்தப் பெண்ணின் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னேன். மண் ஒட்டிய கைகளோடு அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"நீங்க அனுப்புன போட்டோவுக்குத்தான் அக்கா, அவ தினம் வெளக்கு வெச்சா" என்றார் கடைசியில். "ஒங்கள திட்டுறதா, கும்புடுறதான்னு எனக்குத் தெரியல."

கிளறிய மண்ணை அவரே தட்டிச் சமப்படுத்தினார். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஒங்க பாப்பாவுக்கு எத்தன மாசம்?"

"மூணு."

"எங்களுக்கு எட்டு" என்றாள்.

சரிவின் விளிம்பில் இப்போது மானாப்புல் ஆளுயரம் நிற்கிறது. உன் கணவர் அங்கே போய்த் துணியை அவிழ்த்து, உன் மண்ணைப் பள்ளத்தில் உதறினார். காற்று அதில் கொஞ்சத்தை எங்கள் மேலேயே திருப்பிக் கொண்டுவந்தது. அவரை வழியனுப்ப ஹட்டன் வரை பஸ்ஸில் கூடப் போனேன்; அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போதுதான் நீ வரைந்த இந்தப் படத்தை என் கையில் வைத்தார்.

அவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை உனக்குத்தான் சொல்ல வேண்டும். மண் சரிந்த மறுநாள் நான் அந்தப் பாதையில் போனேன். வேறு லயத்து ஆட்கள் சேற்றில் வெளியே வந்து கிடந்தவற்றைப் பொறுக்கிச் சாக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே புதுக்குழி ஒன்று வெட்டியிருந்தார்கள். ஒருவர் மண்வெட்டியோடு என்னிடம் ஏறி வந்தார்.

"தங்கச்சி, ஒங்க ஆளுங்க யாராச்சும் இங்க இருந்தாங்களா? வந்து பாத்துச் சொல்லுங்க. தனியா பொதைச்சுரலாம்."

சின்ன எலும்பு எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஆளுங்க யாரும் இல்லண்ணே" என்றேன்.