நாலு நிமிடம் பொறுக்காத மேலாளர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பெரிய மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தணிந்தனவா?

இந்த வாரம் என் பிராணனை வாங்கியது அலுவலகத்துச் சர்வர் ஒன்று. வெளியூர்க் கிளைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் எங்கள் நெட்வொர்க்குக்குள் வர முடியும். அதை இயக்குகிற ஃபர்ம்வேரைப் புதிதாக மாற்றினேன். மாற்றியபின் முதல் தடவை பூட் ஆகி எழும்போதுதான் அது உள்ளே முழுவதும் எழுதப்படும்; அதற்கு நாலு நிமிடம் பிடிக்கும். அதுவரை ஒரு விளக்குகூட எரியாது, தொடக் கூடாது என்று மேலாளரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் ஒரு நிமிடம் பார்த்தார். "என்னம்மா, செத்துப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சை அணைத்தார். பாதி எழுதிய ஃபர்ம்வேரோடு அது நிஜமாகவே படுத்துவிட்டது.

கிளைகளிலிருந்து வந்த வசவெல்லாம் எனக்கு. சீரியல் போர்ட் என்கிற பழைய காலத்துத் துளையில் கேபிளைச் செருகி, எறும்பு ஊர்கிற வேகத்தில் முழுவதையும் மறுபடி ஏற்றினேன். மதியச் சாப்பாடு போயிற்று. நாலு மணிக்கு அது எழுந்ததும் அவர் சொல்கிறார், "பாத்தியா, நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணதுல சரியாயிடுச்சு."

கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஆபத்தில்லை. இப்போதும் அவர் சர்வர் அறைப் பக்கம்தான் போகிறார், நான் ஓட வேண்டும்.

ஒன்றே ஒன்று அப்பா. ஞாயிற்றுக்கிழமை போனில் நான் ஹலோ சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், "சரிம்மா, வேலையா இருப்ப, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆகிறது. லைனிலேயே இருங்கள்.

உங்கள் பெரியவள்