புறங்கை தொடாத அடிமரம்

குட்டியின் அம்மாவுக்கு,

நீயும் குட்டியும் சௌக்கியம்தானே? அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

காட்டுத்தீ பரவாமல் சுற்றி வளைத்து நிறுத்திய பிறகுதான் எங்கள் வேலை. எரிந்த அடிமரத்தைத் தோண்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையுறையைக் கழற்றிப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடே இல்லையென்றால்தான் அணைந்துவிட்டது என்று அடையாள நாடா கட்டலாம்.

போன வாரம் உன் அண்ணன் தொட்டுப் பார்க்காமலே நாடா கட்டிய ஒரு மரம் மறுநாள் மறுபடி பற்றிக்கொண்டது. வேருக்குள் கங்கு இருந்திருக்கிறது. அணைத்துவிட்டோம், பயப்படாதே. என் கையில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

"இதைத் தொட்டுப் பார்த்தது யாரு?" என்று மேஸ்திரி கேட்டார். உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "மாப்பிள்ளைதான்" என்றார். அவரை நம்பித்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? இப்போது என்னை நாடா கட்ட விடுவதில்லை, தண்ணீர் மட்டும் சுமக்கிறேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு நல்ல மரியாதை.

அறைக்கு வந்ததும் உன் அண்ணனே மருந்து தடவிவிடுகிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கட்டுப் போட உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. அத்தையிடம் மூச்சு விடாதே.

வண்டி வந்துவிட்டது. உன் அண்ணன் கூப்பிடுகிறார், அவர் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாராம்.