பொட்டுக்குக் கீழே நாலு எண்

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் தூறல். துணி வெளியே, உள்ளே, மறுபடி வெளியே.

செவிலிமேட்டில் வேன் பார்த்தாச்சு. நான் டீச்சர் வேலையில் சேர்ந்த வருஷத்து மாடல், நான் ரிட்டயர் ஆகியும் அது ஓடுகிறது! லாரி ஓட்டி ஓய்வு பெற்ற வேலாயுதம் தன் கையாலேயே உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் வைத்து வீடாக்கியிருக்கிறார். மனைவியோடு கோயில் கோயிலாகச் சுற்றிய வண்டி. அந்த அம்மா போய் இரண்டு வருஷம். வேலாயுதத்துக்கு இப்போது மூட்டு வலி, ஓட்ட முடியவில்லை.

எனக்கு ஏன் வேன்? எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும். என் வீட்டுக்காரர் இவருக்கு இடம் மாறினால் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில் லாட்ஜில் விடிய விடிய உட்கார்ந்திருந்த மனிதர். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் கடைசி பஸ்ஸில் வீடு, மறுநாள் காலையில் தறி. கடலில் சூரியன் உதிப்பதை நாங்கள் சேர்ந்து பார்த்ததே இல்லை. வேன் என்றால் கட்டிலும் தலையணையும் கூடவே வரும்.

அவர் தீர்ப்பு: "இந்த ஒரு வண்டிதான், சரஸு. இது சரியில்லன்னா இந்தப் பேச்சையே வுட்டுடணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேனோ.

செப்டம்பர் 13, சனி

வெயில். ஊறுகாய் மாடியில்.

நாளைக்குப் பார்க்க வேண்டியவை:
– காலையில் சொல்லாமல் போக வேண்டும். முதலில் இன்ஜின் மேல் கை வைக்க. சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.
– வண்டிக்கு அடியில் செய்தித்தாள். ஆயில் சொட்டுகிறதா.
– காந்தம் (சுற்ற ஒரு துணி). அடிபட்டு பட்டி பூசி மூடிய இடத்தில் ஒட்டாது.
– கூரை மேல் ஒரு பக்கெட் தண்ணீர்.
– கட்டில், அடுப்பு மாற்றம் ஆர்.சி. புக்கில் ஏறியிருக்கிறதா.
– ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா. இதுதான் முக்கியம். ஹால் டிக்கெட்டில் இருக்கும் பிள்ளைதான் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் பரீட்சை எழுத விடுவோமா?
– புளி வாங்க.

செப்டம்பர் 14, ஞாயிறு

மேகமூட்டம். நான், அவர், மெக்கானிக் பாஷா பாய்.

இன்ஜின் சில்லென்று. இரண்டாவது தடவையில் ஸ்டார்ட். செய்தித்தாளில் ஒரே ஒரு சொட்டு. "இந்த வயசுல இதுகூட இல்லன்னாதான் சந்தேகம்" என்றார் பாய்.

காந்தத்தைப் பட்டுத் துண்டில் சுற்றியிருந்தேன். பாய்க்குச் சிரிப்பு. "வண்டிக்கும் பட்டா டீச்சர்?" பெயிண்ட் கீறக்கூடாதே! கதவெல்லாம் ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே மட்டும் பொத்தென்று விழுந்தது.

"இங்க பட்டி பாத்துக்கீறாங்க." பாய்.

"ஆமாபா, ஆற்காட்டாண்ட மாட்டு வண்டி ஒண்ணு இடிச்சிடுச்சி. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?" வேலாயுதம்.

கூரையில் தண்ணீர். உள்ளே ஒரே இடத்தில் ஒழுகல். அந்த ஒரே இடத்துக்கு நேர் கீழே இவர் கழுத்து.

மாற்றமெல்லாம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறது. ஆனால் சேசிஸ் எண்? டிரைவர் சீட்டுக்குக் கீழே மூடியைத் தூக்கினால் இரும்பில் குத்தியிருக்கிறது. முன் பாதி தெரிகிறது. கடைசி நாலு எண் மேல் பழுப்பாக, கெட்டியாக ஏதோ. பாயிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிச் சுரண்டப் போனேன். வேலாயுதம் மூடியைப் படீரென்று போட்டுவிட்டார். விரல் தப்பியது.

"அதெல்லாம் வாணாம்மா. புக்குல கீதில்ல, போதும்."

பாய் என்னைத் தெருவுக்கு அழைத்து: "நம்பர மறைக்கிற வண்டி வாணாம் டீச்சர். நாளைக்கு போலீஸ் வந்து நின்னா யாரு பதில் சொல்றது? வுட்டுடுங்க."

திரும்பும் வழி முழுக்க இவர் மெல்லிசாக விசில். கோபம் கோபமாக வந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

மழை. பேச்சு இல்லை. அவரே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். குற்ற உணர்ச்சி போல. சர்க்கரை அதிகம்.

யோசித்தேன். மாட்டு வண்டி இடித்ததை ஒளிக்காதவர் இதை மட்டும் ஏன் ஒளிக்கிறார்? வகுப்பில் நோட்டைக் கையால் மறைக்கிற பிள்ளைகள் எல்லோரும் காப்பி அடிப்பவர்கள் இல்லை. மூன்றாம் வரிசை மல்லிகா மறைத்தது, அவள் வரைந்த அவள் அம்மா படம்.

கையை இழுக்கக் கூடாது. கேட்க வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

டவுன் பஸ். தனியாக.

ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோகவில்லை. கையில் அரை டஜன் வாழைப்பழம். "ஐயா, நான் சுரண்ட வரல. அது என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

பழத்தை வாங்கி டிரைவர் சீட்டில் வைத்தார்.

"சந்தனம், டீச்சரம்மா. எங்க வூட்டம்மா வெச்ச பொட்டு. வண்டிக்கு நெத்தி எதுன்னு கேட்டா. பேரு மாதிரி நம்பரு குத்திக்கீற எடம்தான்னு சும்மா சொன்னேன். அதை நம்பிக்கினு இருவது வருஷம், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எண்ணெ தடவித் தொடச்சி அங்கதான் வெப்பா. ஸ்டேரிங்குல வெச்சதெல்லாம் வண்டி கழுவறப்ப பூடுச்சி. இது ஒண்ணுதான் மிச்சம்."

உண்மையையே சொன்னேன்: பார்க்காமல் வாங்க முடியாது, ஆனால் நீங்கள் வேண்டாமென்றால் வற்புறுத்த மாட்டேன், அதோடு என் வேன் ஆசையும் முடிந்தது. ஏன் முடிந்தது என்று கேட்டார். லாட்ஜ் கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நாளைக்கு வாங்க. உங்க வூட்டுக்காரரையும் கூட்டினு வாங்க."

செப்டம்பர் 17, புதன்

நல்ல வெயில், காற்று.

வேலாயுதமே சுரண்டினார். தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்து, கட்டை விரல் நகத்தால். விழுந்த துகளையெல்லாம் ஒரு குங்குமச் சிமிழில். நாங்கள் மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்தோம். சுற்றிலும் துரு, பொட்டு இருந்த இடம் மட்டும் எண்ணெய் குடித்துப் பளபளவென்று. இருபது வருஷமாக அந்த அம்மா துருப்பிடிக்காமல் காப்பாற்றிய நாலு எண்.

காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். பிறகு ஆஜர் எடுத்தோம். இவர் ஆர்.சி.யைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட, பாய் காகிதத்தைப் பார்த்து பதில்:

"ஏழு."

"உள்ளேன் டீச்சர்!"

"பூஜ்யம்."

"உள்ளேன் டீச்சர்!"

"நாலு." உள்ளேன். "நாலு." உள்ளேன். யாரும் ஆப்சென்ட் இல்லை.

வேலாயுதம் மெதுவாக, "எனக்கும் ஒண்ணு தேச்சிக் குடுங்கம்மா." கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில். "பொட்டு வெப்பீங்களா?"

"நம்பருக்குப் பக்கத்துல வெப்பேன்" என்றேன்.

இவர் அப்போதும் விடவில்லை. "நம்பரு சரிபா. தூக்கம் வரணுமே." பையிலிருந்து அவர் தலையணையை எடுத்து நீட்டினேன். முறைத்தார். வாங்கிக்கொண்டார். ஏறிப் படுத்தார்.

இப்போது மணி பன்னிரண்டு. முன் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓட்டிப் பார்க்க பாய் சாவியோடு வந்தார். வேலாயுதம் வாயில் விரல் வைத்து, "ஸ்டார்ட் பண்ணாதபா."

பின்னால் குறட்டை.