பூசைக்கு முன் எடுத்த இரத்தம்

இன்று காலை சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தேன். கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க இப்போது எனக்கே இரத்தம் எடுக்கிறார்கள். வயது எண்பதைத் தாண்டிவிட்டால் டிரெசர் என்ன, டாக்டர் என்ன, எல்லாரும் நோயாளிதான். தாதிப் பெண் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், பசி மயக்கமோ என்னவோ, பால்மர வரிசைகளுக்கு இடையே பனி நகர்வது தெரிந்தது. பஞ்சு டப்பாவைக் கையில் பிடித்தபடி நீங்கள் எனக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தீர்கள்.

திகாம் பத்துவிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் நம் தோட்டத்து ஆஸ்பத்திரி. எண்பதுகளின் தொடக்கம். நான் டிரெசர், டாக்டர் வராத நாட்களில் வைத்தியம் பார்ப்பவன், யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கிலீஷ் பள்ளி, மடிப்புக் கலையாத கால்சட்டை. நீங்கள் எனக்கு உதவியாக இருந்த அட்டெண்டன், தொழிலாளர் லயத்தில் பிறந்து, ரப்பர் மரம் சீவி, பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த பெண். மாதம் இரண்டு தடவை ஒரு டாக்டர் காரில் வருவார். நம் கூட்டம் அவ்வளவுதான். "இஞ்ச வாரும்" என்று உங்களை ஏவியே பழகிய வாய் என்னுடையது. இப்போதுதான் 'நீங்கள்' என்று எழுத வருகிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மரம் சீவும் சவரிமுத்துவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்தார். இனி ஒன்று வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். கொழுப்பைப் பார்த்துத்தான் மாத்திரையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும், வெறும் வயிற்றில் இரத்தம் எடுங்கள் என்றார். மூன்று தடவை எடுத்தோம். மூன்று முடிவுச் சீட்டும் மூன்று கதை சொல்லின. மூன்றாவதில் டாக்டர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: வெறும் வயிறா, சந்தேகம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மூக்கு முட்டத் திண்டுபோட்டு வந்து என்னட்டப் பொய் சொல்லுறீரோ?" என்று கத்தினேன். அவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கி, பொத்தானைப் போட்டார். "இனிமே இந்தப் படி ஏறமாட்டேன் டிரெசரய்யா" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மேட்டில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று அவர் மனைவி உங்களிடம் அழுதிருக்கிறாள்.

கண்ணாடி ஊசிகளை வெந்நீரில் போட்டுக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "அவரு ஆசைக்குத் திங்கல டிரெசரய்யா. நீங்க வேணும்னா ஒரு நாளு வெறும் வயித்தோட முந்நூறு மரம் சீவிப் பாருங்களேன்."

இரத்தம் எடுக்க நான் வைத்த நேரம் காலை பதினொரு மணி. பால் நிறுத்து முடிந்து ஆட்கள் வருவதற்கும், பன்னிரண்டு மணிக்கு இரத்தத்தை ஏற்றிக்கொண்டு வேன் பட்டணம் போவதற்கும் அது தோதாக இருந்தது. எனக்குத் தோது. நான்கு மணிக்கு எழுந்து இருட்டில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிறவன், கெட்டிப்பால் தேத்தண்ணியும் இரண்டு துண்டு ரொட்டியும் இல்லாமல் அதுவரை எப்படித் தாங்குவான்? உண்மையைச் சொன்னால் டிரெசர் ஏசுவார். அதனால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றே எல்லாரும் சொன்னார்கள். சவரிமுத்து மட்டுமல்ல, எல்லாரும்.

"எனக்கு வகுப்பெடுக்கிறீரோ?" என்றேன். நீங்கள் அசரவில்லை.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்ன எடுங்கய்யா. கோயில்ல நன்மை அப்பம் வாங்குற வரைக்கும் அவரு பச்சத்தண்ணிகூடத் தொடமாட்டாரு. நம்ம கெடா மாநிலத்துலதான் வெள்ளிக்கெழம லீவாச்சே, ஞாயித்துக்கெழம கவர்மெண்டு ஆஸ்பத்திரி தொறந்துதான இருக்கும்? ரத்தத்த அனுப்பிடலாம்லா."

தோட்டத்துக்கு ஞாயிறு ஓய்வு, அரசாங்கத்துக்கு வேலைநாள். இத்தனை வருடம் காலண்டரைக் கிழித்தவனுக்கு இது தோன்றவில்லை. "அப்ப அவரைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றேன்.

"நான் கூப்பிட்டா வரமாட்டாரு. ஏசுனது நீங்கதான."

சாயங்காலம் லயத்துக்குப் போனேன். நீங்கள் பத்தடி தள்ளி, வேறெதற்கோ வந்தவரைப் போல நின்றீர்கள். சவரிமுத்து வாசலில் நின்று என்னைப் பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. "நேரம் வச்சது என்ர பிழை. உம்மை அப்படிப் பேசினதும் பிழை" என்றேன். அவர், "பூசைக்கு நேரமாகாம இருந்தா சரிலா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றும் கனவு மாதிரிதான் காண்கிறேன். தகரக் கூரை வேதக்கோவில், முற்றம் முழுக்கப் பனி. வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு சவரிமுத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால், நீங்கள் சொல்லி வந்த ஏழெட்டுப் பேர். மணி அடித்ததும், முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே ஒவ்வொருவராக உள்ளே போய் முழந்தாளிட்டார்கள். நீங்களும் டப்பாவை மூடிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனீர்கள். நான் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

இந்த முறை சீட்டில் சிவப்பு மை இல்லை. மாத்திரையின் அளவு சரியாயிற்று. சில மாதங்களில் எண்கள் இறங்கின. சவரிமுத்து நிற்காமல் மேடு ஏறினார். டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. மற்றத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றார். "இது யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

"என்னுடையதுதான் டாக்டர்" என்றேன்.

நீங்கள் தொட்டியருகே ஊசி கழுவிக்கொண்டிருந்தீர்கள். கை ஒரு கணம் நின்றது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மறுபடியும் கேட்டது. டாக்டரின் கார் போன பிறகும் நான் சும்மா பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"சவரிமுத்து அண்ணன் திரும்ப வந்துட்டாருல்ல டிரெசரய்யா. அது போதும்லா."

உங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆறு வருடம் கழித்துத் தோட்டம் கைமாறியது. நீங்கள் மகனோடு கூலிமுக்குப் போனீர்கள். அங்கே உங்கள் அடக்கமும் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. டாக்டரும் இப்போது இல்லை. சவரிமுத்துவிடம் வாசலில் நின்று கேட்ட மன்னிப்பை, ஒரே அறையில் வேலை செய்த உங்களிடம் கேட்க எனக்கு அந்த ஆறு வருடம் இருந்தது. கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருந்ததைத்தான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன்.