ஐந்தாவது விதி

14.6.2022, செவ்வாய்

காலை முழுவதும் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன். பதினொரு மணிக்கு எங்கள் கல்லூரி மருத்துவமனையிலிருந்து சிறுநீரக டாக்டர் போன். போடிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஒரு பெண்ணை விரியன் கடித்திருக்கிறது. சிறுநீர் பிரியவில்லை. ஒரு கட்டுரை முழுதாக, உடனே வேண்டும். எங்கள் நர்சிங் கல்லூரி அந்த இதழை வாங்குவதில்லை. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருக்கும் முத்துராஜாவைக் கூப்பிட்டேன். ஒரு பயிற்சி முகாமில் பக்கத்து நாற்காலிக்காரன், அவ்வளவுதான் பழக்கம். இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டான்.

மாலையில் அவனே கூப்பிட்டான். "அக்கா, நானும் இப்டித்தான் ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டு அலையுறேன். ஒரு குரூப் போட்ருவமா?"

போட்டோம். நான்கு பேர்.

3.8.2022, புதன்

குழுவில் முப்பத்தெட்டு பேர். திண்டுக்கல், ராமநாதபுரம், திருநெல்வேலி. யார் என்ன கேட்டாலும் ஒரு மணி நேரத்தில் யாராவது கொடுத்துவிடுகிறார்கள். ஏலத்தோட்டத்துப் பெண் பிழைத்துக்கொண்டதாக டாக்டர் சொன்னார்.

22.1.2023, ஞாயிறு

முதல் கூட்டம். அல்லிநகரத்தில் ஒரு சின்ன மண்டபம். அறுபது பேர் வந்தார்கள். நாற்பது சாப்பாடுதான் சொல்லியிருந்தோம். மதுரை ஏசுதாசன் சார் பேசினார். முப்பது வருட நூலகர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர்.

"டைப்பிஸ்ட்டக் கொண்டாந்து நூலகத்துல உக்கார வைக்கிறாக. அட்டெண்டர உக்கார வைக்கிறாக. அதே ஆளு நர்சா உக்கார முடியுமா? முடியாதுல்ல? அப்ப நம்ம வேலை மட்டும் என்ன எளக்காரம்? பதிவு பண்ணின சங்கம் வேணும். சங்கத்துக்கு ஒரு தகுதி வேணும்."

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். 2003-இல் இந்தக் கல்லூரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். 2006-இல் பழைய நூலகர் விலகினார். "ஒரு மாசம் பாத்துக்கம்மா" என்றார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சங்கடம்.

9.2.2023, வியாழன்

சங்க விதிகளைத் தமிழில் தட்டும் வேலை என்னிடம் வந்தது. தட்டச்சில் நான் வேகம்.

விதி 5: நூலக அறிவியலில் பட்டம் பெற்றவர் மட்டுமே உறுப்பினராகலாம்.

என்னிடம் இருப்பது சான்றிதழ் படிப்பு. பட்டம் இல்லை. குழுவில் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் 'மேடம்' என்கிறார்கள். இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

தட்டி முடித்து அனுப்பினேன். பிழை எதுவும் இல்லை.

10.2.2023, வெள்ளி

வீட்டுக்காரர் விஜய்பாண்டியிடம் சொன்னேன். வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒன்னைய யாராச்சும் கேட்டாகளா?"

"இல்ல."

"பெறகு நீயா போயி ஏன் சொல்ற? விடு."

சரி.

12.3.2023, ஞாயிறு

என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏசுதாசன் சார் தலைவர், முத்துராஜா பொருளாளர். ஸ்தாபக உறுப்பினர்களும் சான்றிதழ் நகல் தர வேண்டுமா என்று யாரோ கேட்டார். "நம்மளுக்குள்ள எதுக்குய்யா அதெல்லாம்" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

5.6.2023, திங்கள்

பதிவு எண் வந்தது. உறுப்பினர்கள் நூற்றுப் பத்து. விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது செயலாளர்.

17.8.2023, வியாழன்

ஒரு விண்ணப்பம். பிச்சைமணி, ஊர் கடமலைக்குண்டு. தேனியில் ஒரு பாராமெடிக்கல் கல்லூரி நூலகத்தில் பதினாறு வருடம். கல்வித் தகுதி: சான்றிதழ் படிப்பு. என்னுடைய அதே படிப்பு, அதே மையம், எனக்கு ஒரு வருடம் பிந்தி.

'தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். விதி 5-ஐக் காண்க.' கையெழுத்து: சி. மாரீஸ்வரி, செயலாளர். மூன்று மணித் தபாலில் போய்விட்டது.

28.8.2023, திங்கள்

பிச்சைமணி நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கதவுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சண்டைக்கு வந்தவர் போல் இல்லை.

"மேடம், கடுதாசி வந்துச்சு. தப்பா எடுத்துக்கிறாதீக, ஒண்ணு கேக்கணும். புள்ளைக படிச்சு முடிக்கிற வரைக்கும் தொறந்து வச்சிருக்கேன். வாத்தியாருமாரு கேக்குற கட்டுரைய எப்டியோ தேடி எடுத்துக் குடுத்துர்றேன். உங்க குரூப்புல சேந்தா இன்னும் வெரசா குடுக்கலாம்னு பாத்தேன். சங்கத்துல பதவி கேக்கல."

"கமிட்டி முடிவுங்க அது."

"சரிதான்." கொஞ்ச நேரம் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா வச்சிருக்கீக என்றார். பிறகு, "நீங்க என்ன படிச்சிருக்கீக மேடம்? சும்மா, தெரிஞ்சுக்கிறலாம்னு."

நான் என்ன செய்தேன்? மேசையில் இருந்த பேரேட்டைத் திறந்தேன். "டீ சொல்லட்டுமாங்க" என்றேன்.

அவர் டீ குடிக்கவில்லை. பஸ்சுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

29.8.2023, செவ்வாய்

டீ சொல்லட்டுமாவாம். ச்சீ.

10.9.2023, ஞாயிறு

செயற்குழு, மதுரையில். ஏழு பேர். நிகழ்ச்சி நிரல் முடிந்ததும் ஒரு விஷயம் என்றேன். எழுதி எடுத்துப் போயிருந்தேன், ஆனால் பார்த்துப் படிக்கவில்லை. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், எனக்குப் பட்டம் இல்லை, விதி 5-இன்படி நான் உறுப்பினரே ஆக முடியாது, என்னைப் போன்ற ஒருவரை என் கையாலேயே திருப்பி அனுப்பினேன் — இவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஏசுதாசன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேம்மா."

"சார், அந்த மனுசன் செருப்பக் கழட்டிட்டு வந்து நின்னாக. எனக்கு... வேணாம் சார்."

முத்துராஜா என்னைப் பார்க்கவே இல்லை. விதியைத் திருத்தலாம் என்று ஒருவர். திருத்தினால் டைப்பிஸ்டெல்லாம் வந்துவிடுவார்கள் என்று இன்னொருவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். உறுப்பினர் பதிவேடு என் பையில்தான் இருந்தது. என் பெயரை நானே அடித்துத் தேதி போட்டேன்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது நல்ல மழை. தூங்கிவிட்டேன்.

12.9.2023, செவ்வாய்

குழுவிலிருந்து விலகினேன். சங்கம் பதிவானதிலிருந்து உறுப்பினருக்கு மட்டுமான குழு அது. போன் சத்தமே இல்லை.

4.10.2023, புதன்

எப்படியோ கல்லூரி முதல்வர் காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டார். "உங்க சங்கமே டிகிரி வேணும்னு சொல்லுது மாரீஸ்வரி. நாளைக்கு இன்ஸ்பெக்சன்ல கேட்டா நான் என்ன சொல்றது?" கோபமாகச் சொல்லவில்லை. பட்டம் பெற்ற ஒருவரை நூலகராகப் போடுகிறார்கள். நான் உதவி நூலகர்.

பிச்சைமணிக்குப் போன் போட்டேன். என்ன படித்தேன் என்று சொன்னேன். "அட, நீங்களும் நம்ம மையந்தானா! அந்த ஒத்தைக்கண்ணு மிசினு இருந்துச்சே, ஜெராக்ஸு, ஞாபகமிருக்கா?" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போன் போட்டேன். அதற்கு இடமே தரவில்லை.

1.11.2023, புதன்

புது நூலகர் வந்தாள். மகிமா, இருபத்தாறு வயது, உத்தமபாளையம். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, நான் எங்கன உக்காரட்டும்?"

எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். "இங்கனதான்." ஜன்னலோர மேசை எனக்கு. வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

18.2.2024, ஞாயிறு

பொதுக்குழு. முத்துராஜாதான் திருத்தம் கொண்டுவந்திருக்கிறான்: சான்றிதழும் பத்து வருட அனுபவமும் இருந்தால் சேரலாம். எனக்குப் போன் செய்து சொல்லவில்லை. மகிமா சொல்லித் தெரியும். அவளும் இப்போது உறுப்பினர்.

இரண்டு வாக்கில் தோற்றது. ஏசுதாசன் சார் எதிர்த்து வாக்களித்தாராம். கொள்கைக்காக. அவர் அப்படித்தான் செய்வார்.

21.2.2024, புதன்

முத்துராஜா கூப்பிட்டான். ஐந்து மாதத்துக்குப் பிறகு. "அக்கா, அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம இருந்துட்டேன். வெக்கமா இருக்கு. அடுத்த கூட்டத்துலயும் கொண்டாருவேன், பாருங்க."

"உனக்கு எதுக்குப்பா இந்த வேல."

"அந்த ஆளு பேரு என்னக்கா? பிச்சைமணியா? அவுக நம்பரக் குடுங்க."

கொடுத்தேன்.

24.11.2024, ஞாயிறு

திருத்தம் நிறைவேறிவிட்டதாக மகிமாவின் குறுஞ்செய்தி. உறுப்பினர் இருநூற்று எழுபது. மதியம் மீன் குழம்பு.

16.2.2025, ஞாயிறு

ஆண்டுக் கூட்டம், தேனியிலேயே. பெரிய மண்டபம், வாசலில் பேனர், கேரளாவிலிருந்துகூட நான்கு பேர். பிச்சைமணி எனக்கு முன்பே வந்து வரிசையில் நின்றிருந்தார். புதுச் சட்டை. "வாங்க மேடம், எனக்கு முன்னால நில்லுங்க" என்றார். பின்னாலேயே நின்றேன்.

மேசையில் ஒரு சின்னப் பெண், கழுத்தில் சங்க அட்டை. என்னை அவளுக்குத் தெரியவில்லை. மேடையில் இருப்பவர்களிலேயே பாதிப் பேரை எனக்கும் தெரியவில்லை.

"பேரு மேடம்?"

"மாரீஸ்வரி."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"சர்டிபிகேட் கோர்ஸ்."

"சர்வீஸ்?"

"பத்தொம்பது வருசம்."

எழுதிக்கொண்டாள். அட்டையை நீட்டிவிட்டுச் சிரித்தாள். "புதுசா சேர்றீங்களா மேடம்? நல்ல சங்கம். என்ன கட்டுரை கேட்டாலும் ஒரு மணி நேரத்துல கெடைச்சிரும்."

அப்படியா என்றேன்.